பெங்களூருக்குப் பலகாரம் அனுப்பினால் 40 லட்ச வரம்பு பொருந்துமா? பதிவு, காம்பொசிஷன், புதிய வருமான வரிச் சட்டம் பற்றி விளக்கம் வேண்டும்

கோட்டையூர் பலகாரம் – 2026 ஜனவரி 5

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மாமியாரும் கோட்டையூரில் எங்கள் வீட்டு இரண்டாங்கட்டில் அடுப்பு போட்டுத் தேன்குழல், கை முறுக்கு, சீப்புச் சீடை, மாவுருண்டை, அதிரசம் ஆகியவற்றைச் செய்து, காரைக்குடியில் மாதம் 9,000 ரூபாய் வாடகைக்கு எடுத்திருக்கும் சிறிய கடையில் விற்று வருகிறோம். தொழில் என் பெயரிலும் என் பான் எண்ணிலும் நடக்கிறது. இதுவரை ஜி.எஸ்.டி. பதிவு எடுக்கவில்லை.

சென்ற நிதியாண்டில் மொத்த விற்றுமுதல் 18 லட்சத்து 60 ஆயிரம். இந்த ஆண்டு ஏப்ரல் முதல் டிசம்பர் வரையிலேயே 23 லட்சத்து 60 ஆயிரத்தைத் தொட்டுவிட்டது. இதில் ஏறத்தாழ 2 லட்சம், கல்யாண வீடுகளுக்கு நானும் மூன்று பெண்களும் போய், அவர்கள் வாங்கி வைத்திருக்கும் மாவிலும் எண்ணெயிலும் சீர்ப் பலகாரம் சுட்டுக் கொடுத்ததற்கான கூலி. பொங்கலும் தை, மாசி முகூர்த்தங்களும் வரவிருப்பதால் மார்ச் முடிவில் மொத்தம் 32 லட்சம் வரும் என்று நினைக்கிறேன். சென்ற நவராத்திரி முதல், பெங்களூரில் குடியிருக்கும் நம் ஊர்க்காரர்கள் சிலர் கேட்டுக்கொண்டதால் கூரியரில் அனுப்பி வருகிறேன். அது பெரிய தொகை இல்லை.

என் குழப்பம் இதுதான். பக்கத்துக் கடைக்காரர், சரக்கு விற்பவர்களுக்கு 40 லட்சம் வரை ஜி.எஸ்.டி. கிடையாது என்கிறார். பொட்டலத்தின் மேல் பெயரும் எடையும் அச்சிட்டுவிட்டால் பதிவு கட்டாயம் என்று கவர் விற்பவர் சொல்கிறார். செப்டம்பரில் முறுக்கு, மிக்சருக்கு வரி 12 சதவீதத்திலிருந்து 5 ஆகக் குறைந்துவிட்டதால் இனி எடுப்பதே நல்லது என்று உறவினர் ஒருவர் கூறுகிறார். விற்றுமுதலில் 1 சதவீதம் மட்டும் வரியாகக் கட்டும் காம்பொசிஷன் திட்டத்தில் சேரலாமா? அத்துடன், ஏப்ரலில் புதிய வருமான வரிச் சட்டம் வருகிறது என்கிறார்களே, இந்த ஆண்டுக் கணக்கை எந்தச் சட்டத்தின்படி போட வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் பொறுமையாக விளக்கினால் நன்றியுடையவளாக இருப்பேன்.

காரைக்குடி வரி ஆலோசகர் – 2026 ஜனவரி 5

வணக்கம், ஆச்சி. தொகையையும் விவரத்தையும் மறைக்காமல் எழுதியிருக்கிறீர்கள். அதனால் தெளிவாகப் பதில் சொல்ல முடிகிறது. உங்களுக்குச் சொல்லப்பட்ட மூன்று யோசனைகளும் உங்கள் நிலைமைக்குப் பொருந்தவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

40 லட்ச வரம்பு தமிழ்நாட்டில் இருப்பது உண்மைதான். ஆனால் அது, சரக்கு மட்டுமே விற்பவர்களுக்கும், அந்தச் சரக்கை மாநிலத்துக்குள் மட்டுமே விற்பவர்களுக்கும் உரியது. இந்த இரண்டு "மட்டுமே"யும் சேர்ந்திருந்தால்தான் 40 லட்சம். சேவை கலந்துவிட்டால் வரம்பு 20 லட்சமாக இறங்கிவிடும். கல்யாண வீட்டில் அவர்களுடைய மாவில், அவர்களுடைய எண்ணெயில் நீங்கள் சுட்டுக் கொடுத்து வாங்கும் கூலி சரக்கு விற்பனை ஆகாது, அது சேவை. வைப்புத்தொகைக்கும் கடனுக்கும் வரும் வட்டியை மட்டும் சட்டம் இதில் கணக்கில் எடுக்காமல் விட்டுக்கொடுக்கிறது. ஆகவே அந்த 2 லட்சத்தால் உங்களுடைய வரம்பு 20 லட்சம் ஆகிறது. நீங்கள் அதைத் தாண்டிவிட்டீர்கள்.

பெங்களூர் விஷயம் இதைவிடக் கண்டிப்பானது. வரி விதிக்கத்தக்க சரக்கை வேறு மாநிலத்துக்கு அனுப்பினால், விற்றுமுதல் எவ்வளவு சிறியதாக இருந்தாலும் பதிவு கட்டாயம். 20 லட்சம், 40 லட்சம் என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. குறிப்பிட்ட சில கைவினைப் பொருட்களுக்கு மட்டும் 20 லட்சம் வரை இதில் விலக்கு உண்டு. பலகாரம் அந்தப் பட்டியலில் இல்லை. நீங்கள் நவராத்திரியில் அனுப்பிய முதல் பொட்டலத்தோடேயே பதிவுக் கடமை தொடங்கிவிட்டது.

பொட்டலத்தில் அச்சிடுவதற்கும் பதிவுக்கும் தொடர்பு கிடையாது. அது வரி விகிதத்தைப் பற்றிய பழைய பிரச்சினை. முன்பு மிக்சர், முறுக்கு போன்ற காரவகைகளை உதிரியாக அளந்து கொடுத்தால் 5 சதவீதம், பொட்டலம் கட்டிப் பெயர்ச்சீட்டு ஒட்டினால் 12 சதவீதம் என்று இருந்தது. 2025 செப்டம்பர் 3 அன்று கூடிய ஜி.எஸ்.டி. மன்றத்தின் 56-வது கூட்டத்தில் 12, 28 என்ற இரண்டு விகிதங்களையும் எடுத்துவிட்டுப் பெரும்பாலான பொருட்களை 5-லும் 18-லும் அடக்க முடிவு செய்தார்கள். செப்டம்பர் 22 முதல் அது நடைமுறைக்கு வந்தது. அதிரசம், மாவுருண்டை போன்ற இனிப்புகள் முன்பும் 5, இப்போதும் 5. காரவகை பொட்டலமானாலும் உதிரியானாலும் இப்போது 5. உங்கள் பெங்களூர் அனுப்புதல் நவராத்திரியில், அதாவது புதிய விகிதம் வந்த பிறகு தொடங்கியிருப்பதால், 12 சதவீதக் கணக்கு உங்களைத் தொடவே இல்லை. இது உங்களுக்குப் பெரிய ஆறுதல்.

காம்பொசிஷனில் உற்பத்தி செய்பவர்களும் வியாபாரிகளும் ஆண்டுக்கு ஒன்றரைக் கோடி வரை சேரலாம். வரி 1 சதவீதம். விற்றுமுதலில் பத்தில் ஒரு பங்கு அல்லது 5 லட்சம், இவற்றில் எது அதிகமோ அதுவரை சேவையும் செய்யலாம் என்பதால் உங்கள் கல்யாண வீட்டுக் கூலி அதற்குத் தடை இல்லை. ஆனால் வெளிமாநிலத்துக்குச் சரக்கு அனுப்புபவருக்கு அந்தத் திட்டம் கிடையாது. எனவே பெங்களூரா, காம்பொசிஷனா என்று நீங்கள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

முடிவு எடுப்பதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். ஒரு நீள நோட்டில், ஏப்ரல் முதல் இன்று வரை, சரக்கு எந்த ஊருக்குப் போனது, பணம் ரொக்கமாக வந்ததா வங்கி வழியாக வந்ததா, அது சரக்குக்கான பணமா கூலியா என்று மூன்று பத்தி போட்டு எழுதுங்கள். நம் பக்கத்துக் கடைகளில் ஆண்டுக் கடைசியில் பேரேட்டை வைத்து ஐந்தொகை எடுத்தவர்கள் இப்படித்தான் வகை பிரித்தார்கள். மொத்தத் தொகையை மட்டும் வைத்துக்கொண்டு எந்த ஆலோசகரிடம் போனாலும் அவரால் சரியான வழி சொல்ல முடியாது.

தேவகோட்டை ஜவுளி – 2026 ஜனவரி 6

மேலே ஆலோசகர் ஐயா சொன்னதை நான் பணம் கொடுத்துக் கற்றுக்கொண்டேன் என்பதால் எழுதுகிறேன்.

நான் கண்டாங்கிச் சேலைகளும் மற்ற கைத்தறித் துணிகளும் விற்கும் கடை வைத்திருக்கிறேன். காம்பொசிஷனில் இருந்தபோது, வெளிமாநிலத்தில் இருக்கும் இரண்டு வாடிக்கையாளர்களுக்கு ஒரு தீபாவளிக்குச் சேலைகளைப் பார்சலில் அனுப்பினேன். அப்போது எனக்குக் கணக்குப் பார்த்தவரிடம் கேட்டதற்கு, சிறிய தொகைதானே, ஒன்றும் ஆகாது என்று சொன்னார். பிறகு நோட்டீஸ் வந்தபோது, அனுப்பிய சேலைகளுக்கு மட்டும் வரி கேட்பார்கள் என்று நினைத்தேன். அப்படி நடக்கவில்லை. காம்பொசிஷனுக்கே தகுதி இழந்துவிட்டேன் என்று சொல்லி, அந்த நாளிலிருந்து கடையில் நடந்த மொத்த விற்பனைக்கும் சாதாரண விகிதத்தில் வரி கணக்கிட்டார்கள். வாடிக்கையாளரிடம் வாங்காத வரியை நான் கையிலிருந்து கட்டினேன். நீங்கள் இன்னும் எந்தத் திட்டத்திலும் சேரவில்லை. ஆகவே இப்போதே நேராக்கிக்கொள்ள உங்களுக்கு வழி இருக்கிறது.

கடை வாடகையைப் பற்றியும் யாராவது சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன். கடைச் சொந்தக்காரர் பதிவு இல்லாதவராக இருந்து, வாடகைக்கு எடுத்தவர் பதிவு பெற்றவராக இருந்தால், 2024 அக்டோபர் 10 முதல் அந்த வாடகைக்கு 18 சதவீத வரியை வாடகைதாரரே ரிவர்ஸ் சார்ஜ் முறையில் கட்ட வேண்டும். உங்கள் 9,000 ரூபாய்க்கு மாதம் 1,620 ரூபாய். காம்பொசிஷனில் இருப்பவர்களுக்கு 2025 ஜனவரி 16 முதல் இதிலிருந்து விலக்குக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் ஒப்பந்தத்தில் கடை என்று எழுதியிருக்கிறதா, குடியிருப்பு என்று எழுதியிருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள். நம் ஊரில் பழைய வீட்டின் முகப்பை வாடகைக்கு விடும்போது வீடு என்றே எழுதிவிடுவார்கள். குடியிருப்பை எடுத்தால் அதற்கு வேறு விதி. அதில் காம்பொசிஷன்காரர்களுக்கு விலக்கு இல்லை.

இன்னொன்று, தொழிலை விரிவாக்க உறவினர்களிடம் கைமாற்று வாங்குவதாக இருந்தால் ரொக்கமாக வாங்காதீர்கள். 20,000 ரூபாயும் அதற்கு மேலும் கடன் வாங்குவது வங்கி வழியாகத்தான் நடக்க வேண்டும். அம்மானிடம் வாங்கினாலும் மச்சினனிடம் வாங்கினாலும் விதி இதுவே. மீறினால் வாங்கிய தொகை எவ்வளவோ அவ்வளவும் அபராதமாகலாம்.

கோட்டையூர் பலகாரம் – 2026 ஜனவரி 6

ஐயாவுக்கும் தேவகோட்டை அண்ணனுக்கும் மிக்க நன்றி. கல்யாண வீட்டுக் கூலி இப்படி ஒரு வரம்பையே மாற்றும் என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. வாடகை ஒப்பந்தத்தை எடுத்துப் பார்த்தேன். கடை என்றுதான் எழுதியிருக்கிறது.

மூன்று சந்தேகங்கள். சீடையையும் அதிரசத்தையும் மாமியார் பெயரில் பிரித்துவிட்டால் இருவருமே வரம்புக்குள் வந்துவிடுவோம் என்று வீட்டில் பேச்சு இருக்கிறது, அது சரியா? பெங்களூர்க்காரர் ஒருவர் ஊருக்கு வரும்போது கடைக்கே வந்து பத்துக் கிலோ வாங்கிக் காரில் எடுத்துப் போனால் அதுவும் வெளிமாநில விற்பனையா? நவராத்திரி முதல் டிசம்பர் வரை நடந்ததற்கு நான் இப்போது என்ன செய்ய வேண்டும்? அந்தக் காலத்தில் பலகார விற்பனை மட்டும் 12 லட்சத்து 60 ஆயிரம்.

செலவு விவரம் கேட்பீர்கள் என்று நினைத்து எழுதுகிறேன். ஆண்டுக்கு எண்ணெய் ஏறத்தாழ 6 லட்சம், வணிக சிலிண்டர் 1 லட்சத்து 20 ஆயிரம், பிளாஸ்டிக் கவர் 1 லட்சம், வரி நீங்கலாக. அரிசியும் உளுந்தும் மூட்டையில் உதிரியாக வாங்குகிறோம்.

காரைக்குடி வரி ஆலோசகர் – 2026 ஜனவரி 7

மாமியார் பெயரில் பிரிப்பது வேண்டாம், ஆச்சி. ஒரே அடுப்பு, ஒரே எண்ணெய்ச் சட்டி, ஒரே கடை, ஒரே கல்லாப்பெட்டி, ஒரே யு.பி.ஐ. கணக்கு என்று இருக்கும்போது பில் புத்தகம் மட்டும் இரண்டாக இருந்தால், அது வரியைத் தவிர்க்கச் செய்த ஏற்பாடு என்றே பார்க்கப்படும். அப்போது தெரியாமல் நடந்த தவறு, தெரிந்தே செய்ததாகிவிடும். அந்த இரண்டுக்கும் சட்டத்தில் அபராதம் வேறு வேறு.

கடைக்கு வந்து வாங்கிக் கையில் எடுத்துப் போவது சாதாரணமாக நம் மாநிலத்துக்குள் நடந்த விற்பனைதான். பதிவு இல்லாத வாடிக்கையாளருடைய பில்லில் முகவரி எழுதாதபோது, விற்பவரின் இடமே விற்பனை நடந்த இடமாகும். ஆனால் 2023 அக்டோபர் 1 முதல், பில்லில் வெளிமாநில முகவரி எழுதப்பட்டிருந்தால் அந்த முகவரியே விற்பனை இடம் என்று விதி திருத்தப்பட்டுள்ளது. 50,000 ரூபாயும் அதற்கு மேலும் போகும் பில்லில் முகவரி எழுதியே ஆக வேண்டும். நீங்கள் கூரியரில் அனுப்பும்போது, பணம் எந்த ஊரிலிருந்து வந்தாலும் பொட்டலம் போய்ச் சேரும் ஊரைத்தான் பார்க்க வேண்டும். சென்னையில் இருப்பவர் பணம் அனுப்பிப் பெங்களூரில் இருக்கும் மகளுக்கு அனுப்பச் சொன்னால் அது வெளிமாநில விற்பனை. பெங்களூரில் இருப்பவர் பணம் அனுப்பிப் பள்ளத்தூரில் இருக்கும் தாயாருக்குக் கொடுக்கச் சொன்னால் அது உள்மாநில விற்பனை.

இனிக் கடந்த மாதங்களுக்கான கணக்கு. விலையில் வரி சேர்ந்திருப்பதாகவே கொள்ள வேண்டும். 12,60,000 ரூபாயை 105-ஆல் வகுத்து 5-ஆல் பெருக்கினால் 60,000 ரூபாய். ஆண்டுக்கு 18 சதவீதம் வட்டி என்பதால் முழுத் தொகைக்கும் மாதம் 900 ரூபாய் அளவில் வட்டி ஏறும். அந்தக் காலத்தில் வாங்கிய எண்ணெய்க்கும் கவருக்கும் கட்டிய வரியைக் கழித்துக்கொள்ள முடியாது, ஏனென்றால் அப்போது உங்களுக்குப் பதிவு இல்லை. தொகை கசப்பாகத்தான் இருக்கும். ஆனால் நோட்டீஸ் வருவதற்கு முன்பே தாமாக முன்வந்து வரியையும் வட்டியையும் டி.ஆர்.சி.-03 படிவத்தில் கட்டிவிட்டால், மோசடி நோக்கம் இல்லாத இனங்களில் வரி பாக்கிக்கான அபராதம் இல்லாமல் முடித்துக்கொள்ள இப்போதைய 74ஏ பிரிவு இடம் தருகிறது. 2024-25 நிதியாண்டு முதல் இந்தப் பிரிவுதான் பொருந்தும். அதனால் முதலில் பதிவு, அடுத்து இந்தப் பாக்கி, அதன் பிறகே திட்டத் தேர்வு என்று வரிசை வையுங்கள். கல்யாண வீட்டுக் கூலியைத் தனித் தாளில் எழுதி எடுத்து வாருங்கள். அதன் விகிதத்தைப் பலகாரத்தோடு சேர்க்கக் கூடாது.

பதிவு எடுப்பது இப்போது எளிது. 2025 நவம்பர் 1 முதல் 14ஏ என்ற விதியின்படி, பதிவு பெற்ற வாடிக்கையாளர்களுக்கு விற்பதில் மாதம் இரண்டரை லட்சத்துக்குள் வரி வரும் சிறு தொழில்களுக்கு, ஆதார் சரிபார்ப்பு முடிந்தால் மூன்று வேலை நாட்களில் பதிவு கிடைக்கிறது. நீங்கள் பெரும்பாலும் நேரடியாகச் சாப்பிடுபவர்களுக்கே விற்பதால் அந்த வழியில் போகலாம்.

அடுத்த ஆண்டை எப்படி நடத்துவது என்பதற்கு, 32 லட்சம் முழுவதும் பலகார விற்பனை என்று வைத்து இரண்டு வழியையும் போட்டுப் பார்க்கிறேன். காம்பொசிஷன் என்றால் 32,000 ரூபாய் வரி. அதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது. பில்லிலும் வரி போடக் கூடாது. வாங்கும் பொருட்களுக்குக் கொடுத்த வரியும் திரும்பாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வரி கட்டி, சி.எம்.பி.-08 படிவம் போட்டு, ஆண்டுக்கு ஒரு ரிட்டர்ன் ஜூன் 30-க்குள் போட்டால் போதும். சாதாரணப் பதிவு என்றால், விலையை ஏற்றாமல் இதே விலையில் விற்றால் வரி 1,52,381 ரூபாய். அதிலிருந்து எண்ணெய்க்குக் கொடுத்த 5 சதவீதம் 30,000, சிலிண்டருக்குக் கொடுத்த 18 சதவீதம் 21,600, கவருக்குக் கொடுத்த 18 சதவீதம் 18,000, ஆக 69,600 ரூபாயைக் கழித்துக்கொள்ளலாம். மீதி 82,781 ரூபாய் கையிலிருந்து போகும். வாடகைக்கான ரிவர்ஸ் சார்ஜை முதலில் பணமாகக் கட்டிப் பிறகு வரவு எடுத்துக்கொள்வதால் அது சுற்றி வந்துவிடும். மாதந்தோறும் கைப்பணம் கொஞ்சம் முடங்கும், அவ்வளவுதான். அந்த 82,781-க்கும் 32,000-க்கும் இடையே உள்ள வித்தியாசம் 50,000 ரூபாய்க்குச் சற்று மேல். விலையை ஏற்றாத நிலையில், பெங்களூர் வியாபாரத்தை வைத்துக்கொள்வதற்கு நீங்கள் ஆண்டுக்குக் கொடுக்கும் விலை ஏறத்தாழ அதுதான். அங்கே எவ்வளவு விற்கிறது, அதில் எவ்வளவு நிற்கிறது என்பதை உங்கள் நோட்டுதான் சொல்ல வேண்டும்.

காம்பொசிஷனுக்குப் போவதாக முடிவு செய்தால், வெளிமாநில அனுப்புதலை நிறுத்திவிட்டு மார்ச் 31-க்குள், அந்தத் திட்டத்தில் சேர்வதற்கான சி.எம்.பி.-02 படிவத்தைக் கொடுத்துவிடுங்கள், ஏப்ரல் 1 முதல் அது நடைமுறைக்கு வரும். அன்றைக்குக் கையிருப்பில் இருக்கும் எண்ணெய்க்கும் கவருக்கும் எடுத்திருந்த வரி வரவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பதால் மார்ச் கடைசியில் சரக்கைக் குவித்து வைக்காதீர்கள்.

சாதாரணப் பதிவிலேயே இருப்பதானால் காலாண்டு ரிட்டர்ன் முறையை எடுங்கள். முதல் இரண்டு மாதங்களுக்கு அடுத்த மாதம் 25-க்குள் பணம் கட்டி, காலாண்டு முடிந்ததும் 13-ஆம் தேதிக்குள் விற்பனை விவரம் காட்டும் ஜி.எஸ்.டி.ஆர்-1, நம் மாநிலத்துக்கு 22-ஆம் தேதிக்குள் வரிக் கணக்கைக் காட்டும் 3பி போட வேண்டும். முன்பெல்லாம் ஜி.எஸ்.டி.ஆர்-1-இல் தவறாகப் போட்டுவிட்டு 3பி-யில் தொகையைத் திருத்திக்கொள்ளும் பழக்கம் இருந்தது. 2025 ஜூலை மாதக் கணக்கு முதல் அப்படி மாற்ற முடியாது. 3பி போடுவதற்கு முன் 1ஏ படிவத்தில் திருத்த வேண்டும். கடையில் 200 ரூபாய்க்குக் குறைந்த சில்லறை விற்பனைக்கு, வாங்குபவர் கேட்காவிட்டால், தனித்தனி பில் தேவையில்லை. அன்றைய கடைசியில் மொத்தமாக ஒரு பில் போட்டால் போதும். கால் கிலோ முறுக்கு வாங்க வரும் கூட்டத்தில் இது உங்களுக்குப் பெரிய உதவி.

பள்ளத்தூர் கணக்கு – 2026 ஜனவரி 8

வருமான வரிக் கேள்வி பாக்கி இருப்பதால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

புதிய வருமான வரிச் சட்டம் 2025 ஆகஸ்ட் 21 அன்று குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வருகிறது. ஆனால் 2026 மார்ச் 31 வரை நீங்கள் ஈட்டிய வருமானத்துக்கு 1961-ஆம் ஆண்டுச் சட்டமே பொருந்தும். இந்தக் கோடையில் நீங்கள் போடப்போகும் ரிட்டர்ன் பழைய சட்டத்தின்படிதான். புதிய சட்டத்தில் முந்தைய ஆண்டு, மதிப்பீட்டு ஆண்டு என்ற இரட்டைப் பெயர்களை எடுத்துவிட்டு "வரி ஆண்டு" என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள். பல ஆண்டுகளாக ரிட்டர்ன் போடுபவர்கள்கூட அந்த இரண்டு ஆண்டுகளை மாற்றி எழுதிவிட்டு என்னிடம் வந்திருக்கிறார்கள். இந்த மாற்றத்தை நான் மனதார வரவேற்கிறேன். பழைய 44ஏடி பிரிவில் இருந்த, விற்பனையில் ஒரு பங்கை லாபமாகக் கொள்ளும் அனுமான வருமான முறை புதிய சட்டத்தில் 58-வது பிரிவுக்குள் போய்விட்டது.

அந்த அனுமான முறை உங்களுக்குப் பொருந்தும். விற்றுமுதல் 2 கோடி வரை, ரொக்க வரவு 5 சதவீதத்தைத் தாண்டாவிட்டால் 3 கோடி வரை, இதில் சேரலாம். வங்கி, யு.பி.ஐ. வழியாக வந்த விற்பனையில் 6 சதவீதமும், ரொக்கத்தில் 8 சதவீதமும் லாபம் என்று கொள்ளப்படும். உங்கள் 32 லட்சத்தில் 22 லட்சம் யு.பி.ஐ.யிலும் 10 லட்சம் ரொக்கத்திலும் வந்ததாக வைத்துக்கொண்டால், 1,32,000-மும் 80,000-மும் சேர்த்து 2,12,000 ரூபாய். ஆலோசகர் ஐயா சொன்ன மூன்று பத்தியில் இரண்டாவது பத்தி இதற்குத்தான் வேண்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். 6, 8 சதவீதம் என்பது குறைந்தபட்ச அளவு. உண்மையில் உங்களுக்கு 6 லட்சம் லாபம் நின்றிருந்தால் 6 லட்சத்தையே காட்ட வேண்டும். பலர் இதைச் சலுகையாக நினைத்து 2 லட்சத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். பிறகு வங்கியில் கடன் கேட்கும்போது, ரிட்டர்னில் இருக்கும் 2 லட்சத்தை வைத்து மேலாளர் எப்படி 10 லட்சம் தருவார்? வீட்டுச் செலவும் பிள்ளைகள் படிப்பும் அந்தத் தொகைக்குள் அடங்காது என்பது துறைக்கும் தெரியும். புதிய வரி முறையில் 4 லட்சம் வரை வரி இல்லை. மொத்த வருமானம் 12 லட்சம் வரை இருந்தால் 87ஏ தள்ளுபடியால் சாதாரண வருமானத்துக்கு வரியே வராது. 6 லட்சம் காட்டினால் வரி 10,000 ரூபாய் என்று கணக்கு வந்து, அது முழுவதும் தள்ளுபடியாகிவிடும். உண்மையைக் காட்டுவதால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட நஷ்டம் இல்லை.

இந்த முறையில் ஒருமுறை சேர்ந்துவிட்டு, அடுத்த ஐந்து ஆண்டுகளுக்குள் வெளியே வந்தால், அதன் பிறகு ஐந்து ஆண்டுகளுக்குத் திரும்ப முடியாது. வரி கட்ட வேண்டிய அளவுக்கு லாபம் உயரும் ஆண்டில் முன்கூட்டிய வரியை மார்ச் 15-க்குள் ஒரே தவணையாகக் கட்டலாம். ஜி.எஸ்.டி.யில் காட்டிய விற்றுமுதல் வருமான வரித் துறை வைத்திருக்கும் உங்கள் வருடாந்திரத் தகவல் அறிக்கையில் வந்து நிற்கும். ஆகவே இரண்டு இடத்திலும் ஒரே எண் இருக்க வேண்டும். வித்தியாசம் இருந்தால் ஏன் என்று எழுதி வைத்திருக்க வேண்டும்.

மாமியாரைச் சேர்க்கத்தான் வேண்டும் என்றால் பங்குதாரர் நிறுவனமாக முறையாகப் பதிவு செய்வது நேர்மையான வழி. ஆனால் நிறுவனத்துக்கு முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீத வரி, அனுமான முறையில் பங்குதாரர் சம்பளத்தைக் கழிக்க முடியாது, 2025 ஏப்ரல் முதல் பங்குதாரருக்குக் கொடுக்கும் சம்பளமும் வட்டியும் ஆண்டுக்கு 20,000 ரூபாயைத் தாண்டினால் 10 சதவீதம் பிடித்தம் செய்ய வேண்டும். உங்கள் அளவுக்கு அது இப்போது தேவையில்லை. மாமியாருக்கு முறையாகச் சம்பளம் எழுதிக் கொடுங்கள். அது அவருடைய வருமானமாகவும் இருக்கும்.

கோட்டையூர் பலகாரம் – 2026 ஜனவரி 10

எல்லோருக்கும் என் நன்றி. நேற்று இரவு கடை சாத்திய பிறகு, கம்பியில் குத்தி வைத்திருந்த கூரியர் ரசீதுகளை ஒவ்வொன்றாக உருவி, எண்ணெய்க் கறை படிந்து எழுத்து மங்கியவற்றை விளக்கின் அடியில் பிடித்துப் படித்து, நோட்டில் மூன்று பத்தி போட்டு எழுதினோம். மாமியார் ஊரைச் சொல்ல, நான் எழுதினேன். மொத்தம் 214 ரசீதுகள். சென்னை, மதுரை, கோயம்புத்தூர் நீங்கலாக, பெங்களூருக்குப் போனவை 61. தொகை 1 லட்சத்து 12 ஆயிரம். வேறு மாநிலத்துக்கு ஒன்றும் போகவில்லை. இந்த வேகத்தில் ஆண்டுக்கு நான்கு லட்சத்தைத் தாண்டினால்தான் பெங்களூருக்காக அந்த 50,000 ரூபாயைக் கொடுப்பது கட்டுபடியாகும் என்று எங்களுக்குத் தோன்றியது.

ஆகவே பொங்கல் கழிந்ததும் பதிவுக்கு விண்ணப்பித்து, 60,000 ரூபாயையும் வட்டியையும் கட்டிவிடுகிறேன். மார்ச் வரை பெங்களூருக்கு முறையான பில்லோடு அனுப்புவேன். மார்ச் 20 வாக்கில் நோட்டை மறுபடியும் கூட்டிப் பார்த்துவிட்டு, சி.எம்.பி.-02 கொடுப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வேன். ஆலோசகர் ஐயா, கூலிக் கணக்கைத் தனித் தாளில் எழுதிவிட்டேன். பதினோரு கல்யாண வீடுகள் வருகின்றன. உங்கள் அலுவலகத்துக்கு எந்த நாளில் வரலாம் என்று சொன்னால் நோட்டையும் ரசீதுகளையும் வாடகை ஒப்பந்தத்தையும் எடுத்து வருகிறேன்.

காரைக்குடி வரி ஆலோசகர் – 2026 ஜனவரி 10

19-ஆம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வாருங்கள், ஆச்சி. ஆதாரோடு இணைத்த கைப்பேசியையும் கடையின் மின்கட்டண ரசீதையும் மறக்காமல் கொண்டு வாருங்கள். மங்கிய ரசீதுகளை அதற்குள் படம் எடுத்து வைத்துவிடுங்கள். அந்தத் தாளில் எழுத்து மார்ச் வரை நிற்காது.